காத்திரு என்பவர் ஒருவர், காத்திருப்பவர் வேறொருவர்



சென்ற திங்கள் சங்கத்தின் நூலகக் குழுக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, சரசுவதிபுரத்தில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டு மைசூருக்கு வந்தவர் அவர். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. ஒரு ரூபாயைச் செலவிடுமுன் இரு முறை எண்ணிப் பார்க்கும் இயல்பினர்.

"ஐயா, எங்கள் வீட்டுக் கணினி 2017ஆம் ஆண்டில் வாங்கியது. இப்போது ஆமை போல் நகர்கிறது. பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறான் என் தம்பி மகன். நானோ, இன்னும் ஓர் ஆண்டு பொறுத்தால் விலையும் குறையும், புதியதும் வரும் என்று நினைக்கிறேன். இப்போது மாற்றுவதா, காத்திருப்பதா? தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படியே செய்துவிடுவேன்" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடை என்னிடம் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்கு வருகிறேன், கணினியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். இதே கேள்வியை அந்த ஒரு திங்களுக்குள் குவெம்புநகரில் உள்ள ஓர் அம்மையாரும், விஜயநகரில் உள்ள ஓர் இளைஞரும் என்னிடம் கேட்டிருந்தார்கள். கேள்வி ஒன்று, ஆனால் மூன்று வீட்டுக்கும் மூன்று விடைகள் அமைந்தன. அது எவ்வாறு என்பதையே இத்திங்கள் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். கணினியின் மூளை போன்ற உறுப்பைப் பாடநூல்கள் செயலி என்று வழங்கும். ஆனால் இக்காலத்தில் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளும் ஆப்புக்கும் அச்சொல்லையே வழங்குகின்றனர். மயக்கம் நேராதிருக்கக் கடைத்தெருவில் வழங்கும் பிராசசர் என்ற சொல்லையே கையாளுகிறேன். அது அமர்ந்திருக்கும் பெரிய பலகை மதர்போர்டு. வேலை நடக்கும்போது பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை போன்றது ராம். அவற்றை நிலையாகச் சேமித்து வைக்கும் பெட்டகம் ஹார்டு டிஸ்க், அல்லது அதன் வேகமான இளைய தம்பியாகிய எஸ்.எஸ்.டி.

இக்கேள்வி பல வீடுகளில் ஒரே சமயத்தில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2021ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது எனினும், எல்லாக் கணினியிலும் அது முறைப்படி ஏறாது. இன்டெல் ஆயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கும், ஏ.எம்.டி. ஆயின் ரைசன் 2000 வரிசைக்கும் கீழ்ப்பட்ட பிராசசர்களை அது ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் கேட்கிறது. 2017ஆம் ஆண்டின் நடுவில் வாங்கப்பட்ட கணினியில் இருப்பது பெரும்பாலும் ஏழாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் வாசல் அடைபட்டுவிட்டது. நம் அன்பரின் கணினி நின்றது அந்த அடைபட்ட வாசலின் முன்புதான்.

இனிக் காத்திருத்தலின் நியாயத்தைப் பார்ப்போம். அது வெறும் கஞ்சத்தனம் அன்று. நீண்ட காலம் உண்மையாகவே இருந்த நியாயம். ஒரு சில்லில் அடங்கும் மின்னுறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பாகி வருகிறது என்று 1965ஆம் ஆண்டில் கோர்டன் மூர் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று திருத்திக்கொண்டார். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 2,300. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சில்லில் இருப்பவை 1,600 கோடி. இத்தகைய வளர்ச்சியைக் கண்டு பழகிய தலைமுறை, "இன்று வாங்கியவன் ஏமாளி, நாளை வாங்குபவன் புத்திசாலி" என்று எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு குறை உண்டு. நாளை என்பது எந்நாளும் நாளையாகவே இருக்கும். இந்த ஆண்டு புதிய வரிசை வந்தால், அடுத்த ஆண்டு வரப்போவதைப் பற்றிய செய்தியும் உடன் வந்துவிடும். அலை ஓய்ந்து கடலாட எண்ணியவன் கரையிலேயே நின்றான் என்பது நம்மவர் அறிந்த கதை. அன்றியும், புதிய எண் இட்டதெல்லாம் புதிய பொருளும் அன்று. 2023-இல் வந்த இன்டெல் பதினான்காம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள், பெரும்பாலும் முந்தைய பதின்மூன்றாம் தலைமுறையின் சிறு திருத்தமே.

விலை குறையும் என்ற எதிர்பார்ப்பும் எப்போதும் பலிப்பதில்லை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராமின் விலை கடுமையாக ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும்பும் பெரிய தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மலை மலையாக வாங்கின. அவற்றைச் செய்யும் பெரிய நிறுவனங்களோ சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே. அவை அதிக இலாபம் தரும் பக்கம் திரும்பியபோது, வீட்டுக் கணினிக்கு வேண்டிய பங்கு சுருங்கியது. மைக்ரான் நிறுவனம், குரூசியல் என்னும் பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று ராம் வாங்காமல் இருந்தவர் ஆண்டின் முடிவில் பூமியையும் ஆளவில்லை, ராமையும் வாங்கவில்லை.

எனில் உடனே வாங்கிவிடலாமா? அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. இன்டெல்லின் அதே பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளின் உயர்ந்த வகைகளில் பல, வேலையின் நடுவே நிலை தடுமாறி நின்றன. அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று 2024-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. வந்த அன்றே வாங்கியவர்கள் பட்ட பாட்டைச் சற்றே பொறுத்து வாங்கியவர்கள் படவில்லை.

என் அவசரத்தின் கதையையும் மறைப்பானேன்? சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குச் சென்றிருந்தபோது, ரிச்சித் தெருவில் மலிவாகக் கிடைக்கிறதென்று எட்டாம் தலைமுறைப் பிராசசர் ஒன்றை வாங்கி வந்தேன். என் வீட்டுப் பலகை ஏழாம் தலைமுறைக்கு உரியது. அதன் இருக்கைக்கும் 1151 தொடுமுனைகள். புதிய பிராசசருக்கும் 1151. "எண் ஒன்றுதானே!" என்று மகிழ்ந்தேன். பிராசசர் இருக்கையில் அழகாகவே அமர்ந்தது. ஆனால் திரை இருண்டே கிடந்தது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசருக்கு 300 வரிசைப் பலகை வேண்டும் என்பதையும், தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும் அவற்றின் வேலைப் பங்கீடு மாறிவிட்டது என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். குற்றம் கடைக்காரருடையது அன்று. என் பலகை இன்னதென்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அன்று செலுத்திய கல்விக் கட்டணத்தின் பயனை இன்று உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்: பிராசசரைப் பற்றிக் கேட்குமுன் பலகையைப் பற்றிக் கேளுங்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் ஊருக்கு அருகில் நிற்கும் கண்ணம்பாடி அணை என் நினைவுக்கு வரும். 1911ஆம் ஆண்டில் அதன் பணி தொடங்கியபோது, மைசூர் அரசு விரும்பிய பெரிய அணைக்குச் சென்னை மாகாண அரசு இசையவில்லை. 11 டி.எம்.சி. நீர் தேங்கும் சிறிய அணைக்கே அனுமதி கிடைத்தது. எனினும் அடித்தளத்தை 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணைக்கு ஏற்றவாறு அகலமாகவே இட்டார்கள். தலைமைப் பொறியாளராக இருந்தவர் எம். விசுவேசுவரய்யா. வழக்கும் பேச்சும் நடந்து 1924-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அணை முழு உயரத்துக்கு எழுந்தது. காவிரி வழக்கின் நியாயங்கள் இரு பக்கமும் உண்டு. இரு ஊரின் சோற்றையும் உண்டு வாழும் நாம் அவற்றுக்குள் இப்போது புக வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே. மேலே பின்னர் ஏற்றலாமா என்பதை முடிவு செய்வது கீழே முன்னர் இட்ட அடித்தளம்.

விஜயநகர் இளைஞரின் அடித்தளம் அவ்வாறு அகலமாக அமைந்திருந்தது. திருமண வீடுகளில் படம் பிடித்து, அதைத் தொகுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் இருக்கை கொண்ட பி450 பலகையும், ஆறு கோர் கொண்ட ரைசன் 5 2600 பிராசசரும் வைத்திருந்தார். ஏ.எம்.4 இருக்கையில் முதல் ரைசன் பிராசசர்கள் வந்தது 2017-இல். 2020-இல் வந்த 5000 வரிசை வரை, அதற்கும் பின்னர் வந்த சில வகைகள் வரை, அதே இருக்கையில் அமரும். பழைய பலகையாயின் அதன் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே.

"ஒரு திருமணப் படத்தை வெளியேற்ற எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டேன். "இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும், சார். முகூர்த்த மாதத்தில் இரண்டு மூன்று வேலைகளை வேறொருவருக்கு விட்டுவிடுகிறேன்" என்றார். அவர் கணினியில் வேலை நடக்கும்போது பார்த்தேன். பிராசசர் நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது; மற்ற உறுப்புகள் சும்மா இருந்தன. தடை எங்கே என்பதில் ஐயமில்லை; பலகையும் இடம் கொடுக்கிறது; ராமையும் மாற்ற வேண்டியதில்லை. "இன்றே மாற்றுங்கள். எட்டு கோர் கொண்ட 5700எக்ஸ் போதும். புதிய ஏ.எம்.5 இருக்கைக்குப் போனால் பலகையும் புதிது, டி.டி.ஆர்.5 ராமும் புதிது, அந்தச் செலவுக்கு இது காலம் அன்று" என்றேன். கைவிட்டுப் போகும் ஒவ்வொரு திருமணமும் அவர் காத்திருத்தலுக்குக் கட்டிய வட்டி.

குவெம்புநகர் அம்மையாரின் கதை வேறு. வெளிநாட்டில் வளரும் நம் குழந்தைகளுக்கு மாலை வேளையில் காணொலி வழியாகத் தமிழ் கற்பிக்கிறார். அவரிடம் இருப்பது 2019-இல் வாங்கிய மடிக்கணினி. "வகுப்பு நடுவில் என் முகம் உறைந்துவிடுகிறதாம், பிராசசரை மாற்றித் தர ஆள் உண்டா?" என்று கேட்டார். இக்கால மடிக்கணினிகளில் பிராசசர் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மட்டும் கழற்றி மாற்ற இயலாது என்று விளக்கினேன். அவருடையது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏறும். வகுப்பு நடக்கும்போது பார்த்தால் பிராசசர் பாதி கூட உழைக்கவில்லை. இணையப் பெட்டி கூடத்தில். அம்மையார் பாடம் நடத்துவது இரண்டு சுவர் தாண்டிப் பூசை அறைக்கு அருகில். மேசையைக் கூடத்துக்கு நகர்த்தினோம். முகம் உறைவது நின்றது. செலவு, மேசையைத் தூக்கிய இருவருக்குக் காபி.

இனி நம் சரசுவதிபுரத்து அன்பரிடம் வருவோம். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சென்றேன். அவர் மனைவி சுடச்சுட அடையும் அவியலும் வைத்தார். உண்டு முடித்துக் கணினியைத் திறந்தோம். திறந்தோம் என்று எழுதுவது எளிது. பொத்தானை அழுத்திய பின், அடைக்கு நல்லெண்ணெயா நெய்யா என்ற விவாதமே முடிந்துவிட்டது. திரை இன்னும் முழுதாக எழவில்லை.

ஒவ்வொரு வாசகரும் தம் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகணி திறக்கும். அதில் பிராசசர், ராம், டிஸ்க் ஆகியவை ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கின்றன என்று எண் தோன்றும். எந்த வேலை தாமதப்படுகிறதோ அந்த வேலையைச் செய்துகொண்டே அந்த எண்களைப் பார்க்க வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது அது.

அன்பரின் கணினியில் பிராசசர் முப்பதைத் தாண்டவில்லை. டிஸ்க் நூறில் நின்றது. எட்டு ஜி.பி. ராமில் தொண்ணூறு பங்கு நிரம்பியிருந்தது. நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, வீட்டார் தலைக்குத் தைலம் தேட முனைந்திருந்தார்கள். அன்றியும், தம்பி மகன் சொன்னபடி பிராசசரை மட்டும் மாற்றவும் வழியில்லை. நான் ரிச்சித் தெருவில் கற்ற பாடமேதான்: ஏழாம் தலைமுறைப் பலகை, அதற்கு மேல் அதில் ஏறாது.

"பார்த்தீர்களா ஐயா, நான் நினைத்தது சரிதான். மாற்றவும் முடியாது, அவசரமும் இல்லை. ஓர் ஆண்டு பொறுக்கலாம்" என்று அன்பர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

அந்த இடத்தில் என் வேலை முடிந்தது என்றே நானும் எண்ணினேன். எழுந்து கை கழுவப் போகும்போது, இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் அவர் மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டேன்: "உனக்கு இதில் எந்த வேலை தடைப்படுகிறது, அம்மா?"

அவள் தந்தையை ஒரு முறை பார்த்தாள். "பரவாயில்லை, மாமா. நான் கல்லூரி லேபிலேயே முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்."

"என்ன வேலை?"

"ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்று ஒன்று. இங்கே திறந்தால் கணினி நின்றுவிடும்."

"லேப் எதுவரை திறந்திருக்கும்?"

"ஏழரை வரை. பஸ் கிடைத்து வர எட்டரை ஆகும்."

சமையலறையிலிருந்து அவள் தாயின் குரல் வந்தது: "வாரத்தில் நான்கு நாள் இப்படித்தான். மழை நாளில் ஒன்பதும் ஆகும். நான் வாசலிலேயே நிற்பேன்."

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. "லேபில் படிப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்" என்றார் மெதுவாக. "செலவு என்பீர்களோ என்று கேட்கவில்லை, அப்பா" என்றாள் மகள்.

வாசகர்களே, இதுதான் நான் இந்தத் திங்கள் சொல்ல வந்தது. காத்திருந்தால் செலவில்லை என்று நாம் கணக்கிடுகிறோம். காத்திருத்தலின் செலவு ரூபாயில் வாராததால் அது நம் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் காத்திரு என்று முடிவு செய்பவர் ஒருவர், காத்திருப்பவர் வேறொருவர். முடிவு செய்பவர் அந்தக் கணினியின் முன் வாரத்தில் ஒரு முறை, மின்கட்டணம் செலுத்தும் பொழுது, பத்து நிமிடம் அமர்கிறார். அவருக்கு அந்த வேகம் போதும். ஊர் விட்டு ஊர் வந்து சிக்கனத்தால் நிமிர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கத் தயங்குவதும் நாம் அறிந்ததே. அந்தத் தயக்கத்தை நாம் நற்குணம் என்று பாராட்டுகிறோம். அதன் விலையைக் கேட்பதில்லை.

அதற்காக அன்பரை அன்றே கையில் இருந்ததையெல்லாம் செலவிடச் சொல்லவில்லை. அவர் இதற்கென 40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அது சிறு தொகை அன்று. இருவரும் மகளையும் உட்கார வைத்துக்கொண்டு, வேலையை இரண்டு படியாகப் பிரித்தோம்.

முதற்படி, உடனே செய்வது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஓர் எஸ்.எஸ்.டி.; எட்டு ஜி.பி. ராமோடு இன்னோர் எட்டு. ராமின் விலை ஏறியே இருந்தது. ஆயினும் இது வீண் செலவு ஆகாது. எஸ்.எஸ்.டி. எந்தப் புதிய கணினிக்கும் உடன் செல்லும். டி.டி.ஆர்.4 ராமும், அதை ஏற்கும் பலகையாகத் தேடி வாங்கினால் உடன் செல்லும். இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறை முதல் பதினான்காம் தலைமுறை வரை அமரும் இருக்கையில், டி.டி.ஆர்.4 ஏற்கும் பலகைகளும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏற்கும் பலகைகளும் உண்டு. எதை வாங்குகிறோம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம் படி, அவள் மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் செய்வது. அப்போது பலகையையும் பிராசசரையும் ஒருசேர மாற்றுவது. பெட்டி, திரை, எஸ்.எஸ்.டி., ராம் எல்லாம் பழையவையே. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மட்டும் ஒன்பது ஆண்டு உழைத்தது. அதைச் சோதித்து, வேண்டுமாயின் மாற்றுவது. "அது விலை குறைந்தாலும் சரி, குறையாவிட்டாலும் சரி, அந்தத் திங்களில் மாற்றிவிட வேண்டும்" என்று மகளே நாட்காட்டியில் குறித்து வைத்தாள். காத்திருத்தல் தவறன்று, தேதி இல்லாத காத்திருத்தல்தான் தவறு. பழைய வகைப் பலகைகள் கடையில் என்றென்றும் இருக்கப்போவதில்லை என்பதும் அந்தத் தேதிக்கு ஒரு காரணம்.

இடைக்காலத்தில் பாதுகாப்புக்கு என்ன செய்வது? விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டாருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துப் பெறும் வழியை மைக்ரோசாப்ட் 2025-இல் அறிவித்தது. அமைப்புப் பக்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், செய்து கொடுத்தேன். அந்த எல்லைக்குப் பிறகும் பழைய கணினியை வைத்திருக்க விரும்புவோர் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் பேசும். கடிதம் எழுதவும், இதழ் படிக்கவும், பேரப்பிள்ளையின் முகம் பார்க்கவும் அது போதும்.

"நம் நாட்டிலேயே பிராசசர் செய்கிறார்களாமே, அதற்காகக் காத்திருக்கலாமா?" என்று ஆர்வத்தோடு கேட்ட வாசகர் ஒருவருக்கும் இங்கேயே விடை கூறிவிடுகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசசர் 2018-இல் சில்லாக வடிவெடுத்ததும், விண்கலங்களை ஏவும் ராக்கெட்டுகளுக்காக மொகாலியில் செய்யப்பட்ட விக்ரம் 3201 சில்லு 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்டதும் நாம் பெருமை கொள்ளத்தக்க செய்திகள். ஆனால் அவை நம் மேசைக் கணினியின் இருக்கையில் அமர வேண்டிச் செய்யப்பட்டவை அல்ல. பெருமையை இன்றே கொள்ளலாம். அதற்காக வீட்டு வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

வாங்கச் செல்வோருக்குச் சில குறிப்புகள். உங்கள் பலகையின் முழுப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு, அதைச் செய்த நிறுவனத்தின் பக்கத்தில் எந்தெந்தப் பிராசசர் அமரும் என்ற பட்டியலைப் பார்த்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பியுங்கள். பெட்டியில் அடைத்து வரும் பிராசசருக்கும், பெட்டியின்றித் தனியே விற்கும் பிராசசருக்கும் உத்தரவாதத்தில் வேறுபாடு இருக்கலாம். கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ சென்னையின் ரிச்சித் தெருவிலோ விலை சற்றுக் குறையலாம். ஆனால் பழுது நேர்ந்தால் அதே கடைக்கு மீண்டும் செல்லும் பயணச் செலவையும் விடுமுறையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நம் ஊர்க் கடைக்காரர் நூறு இருநூறு கூடுதலாகச் சொன்னாலும், மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. வீட்டில் அந்தக் கணினியை யார் மிகுதியாகப் பயன்படுத்துகிறாரோ, அவரை அழைத்து உட்கார வைத்து, "உனக்கு இதில் எது தடை?" என்று கேளுங்கள். "பரவாயில்லை" என்ற விடை வந்தால், இன்னொரு முறையும் கேளுங்கள்.

சென்ற வாரம் மாலை ஆறு மணி அளவில் சரசுவதிபுரம் வழியாகச் செல்ல நேர்ந்தது. அன்பர் வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டு வெளியே வந்த அன்பர், "இப்போது அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது ஐயா" என்று கணினியைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐந்தரைக்கே வந்துவிடுகிறாள்" என்றார்.

அடுத்த திங்கள் சந்திப்போம். உங்கள் வீட்டுக் கணினியின் பலகைப் பெயரையும், தடைப்படும் வேலையையும் ஓர் அஞ்சலட்டையிலாவது எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இயன்றவரை விடை எழுதுகிறேன்.